அப்பாவின் கராஜை ஒழிப்பதற்கு முன்

கேள்வி: என் தந்தை சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில், 71ஆம் வயதில், டொங்காட்டில் எங்கள் வீட்டிலேயே காலமானார். 15 வயதில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டருக்குக் கையாளாகச் சேர்ந்தவர், 45 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். ஆலை வேலை இல்லாத நேரமெல்லாம் கடற்கரையில் தூண்டிலோடு நிற்பார். இல்லாவிட்டால் கராஜில் எதையாவது செய்துகொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். ஆண்டுத் திதியன்று உறவினர் முன்னிலையில் அவரைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதிப் படிக்கச் சொல்கிறார் அம்மா. எழுத உட்கார்ந்தால் 'கடின உழைப்பாளி, நல்ல தந்தை' என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. அவர் பட்டம் பெற்றவர் அல்லர், பதவி வகித்தவரும் அல்லர். எண்பதுகளில் ஒருமுறை டிரான்ஸ்வாலுக்கு ரயிலில் போய் ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கராஜில் ஈயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்பார். தரையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருப்பார். அதைத் தாண்டினால் கத்துவார். அந்தக் கத்தல்தான் என் காதில் இன்னும் நிற்கிறது. இப்போது கராஜை வாடகைக்கு விட வேண்டும் என்பதால், இந்த மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். நான் எதை எழுதுவது, எதை வைத்துக்கொள்வது? கோயில் பாடசாலையில் கற்ற தமிழில் எழுதியிருக்கிறேன், பிழையிருந்தால் மன்னிக்கவும்.
வாசகி, டொங்காட், குவாசூலு-நட்டால்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தச் சிவப்புக் கோட்டில் வந்து நின்றுவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் தமிழைப் பற்றிக் கவலை வேண்டாம். இதைவிட நல்ல தமிழில் எழுதப்பட்டு, இதில் பாதிகூடச் சொல்லாத கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன.

குடும்ப வரலாறுகளையும் வாய்மொழி நினைவுகளையும் பதிவு செய்வது 30 ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்தில் உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது, எழுதுவதை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, கராஜில் ஒரு ஆணிகூட இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பேசத் தெரிந்தவர்கள் கடிதங்களையும் கதைகளையும் விட்டுப் போகிறார்கள். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எந்தப் பொருளை வைத்தார்கள் என்கிற ஒழுங்கை விட்டுப் போகிறார்கள். பழைய இரும்புக் கடையின் லாரி வந்து போன பிறகு கருவிகளில் சிலவற்றை மீட்டாலும் மீட்கலாம், அந்த ஒழுங்கை மீட்க முடியாது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், டர்பன் துறைமுக விரிகுடாவில் இருக்கும் சாலிஸ்பரித் தீவில் முன்பு குடியிருந்த மீனவக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைப் பேட்டி காணப் போனேன். ஒப்பந்தக் காலம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வந்த நம் மக்கள் அங்கே குடிசை போட்டு, கரைவலை இழுத்துப் பிழைத்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீவு கடற்படைத் தளமானபோது அந்த வாழ்க்கை அங்கே முடிந்துபோயிற்று. நான் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். எந்த ஆண்டு வெளியேறினீர்கள், எத்தனை குடும்பங்கள், யார் உத்தரவு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பெரியவர் 'ஆமாம்', 'இல்லை', 'தெரியாது' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி, என் மீது இரக்கப்பட்டோ என்னவோ, அலமாரியிலிருந்து ஒரு வலையூசியையும் நூலையும் எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். ஊசி கையில் ஏறியதும் பெரியவர் பேசத் தொடங்கினார். முடிச்சுப் போடுவதை நிறுத்தாமலே, இரண்டு மணி நேரம் பேசினார். அன்று என் ஒலிநாடா பாதியில் தீர்ந்துவிட்டது. மறுவாரம் போனபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். பிறகு அவர் வீடு திரும்பவில்லை.

ஆகவே, கராஜுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். காலை வெளிச்சத்தில் கதவைத் திறந்து, உள்ளே கால் வைப்பதற்கு முன் வாசலில் நின்று நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று, பிறகு ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு டப்பாவையும் திறந்து உள்ளே இருப்பதையும் எடுங்கள். ஜாடி மூடியைப் பலகையின் அடியில் ஆணி அடித்து மாட்டி, ஜாடியை அதில் திருகித் தொங்கவிட்டுத் திருகாணிகளை வகை பிரித்திருந்தாரானால், அந்த வகை பிரிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் நிற்கும் இடத்தில் நின்று, வலது கையை நீட்டினால் எது முதலில் எட்டுகிறது என்று பாருங்கள். அதிகம் புழங்கிய கருவி அங்கேதான் இருக்கும். சுத்தியலின் கைப்பிடியையும் அரத்தின் பிடியையும் நகம் படாமல் தடவிப் பாருங்கள். கட்டைவிரல் அழுந்திய இடத்தில் மரம் பள்ளமாகி, மெழுகியதுபோல வழுவழுப்பாக இருக்கும். வைத்துக்கொள்வது எதை என்று கேட்டிருந்தீர்கள். இப்படி அவர் கை பதிந்த பொருள்களில் நான்கைந்து போதும். விலை உயர்ந்த டிரில் இயந்திரத்தை அண்ணன் விற்றுக்கொள்ளட்டும். வைத்துக்கொள்ளும் கருவிகளில் துரு இருந்தால் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, பிடிகளுக்கு வார்னிஷ் அடிக்கவோ வேண்டாம். தேய்த்துப் புதிதாக்கினால் மிஞ்சுவது கடையில் கிடைக்கும் சுத்தியல்.

அண்ணனோடு இதற்காக மனத்தாங்கல் வேண்டாம். அவருக்கும் அந்தக் கதவைத் திறப்பது எளிதாக இருந்திருக்காது. வேகமாக ஒழித்துவிட நினைக்கிறவர்களில் பலர், மெதுவாகச் செய்தால் தாங்க முடியாது என்று பயப்படுகிறவர்கள் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவரிடம் நேரம் கேளுங்கள், ஒரே ஒரு சனிக்கிழமை. அவரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியாகக் கையில் கொடுத்து, 'இதை வைத்து அப்பா என்ன செய்வார்?' என்று மட்டும் கேளுங்கள். சிறுவனாக அந்தக் கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர் அவராகத்தான் இருப்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற உங்களுக்குத் தெரியாதது, அந்தப் பக்கம் நின்ற அவருக்குத் தெரிந்திருக்கும்.

எழுதும் விதத்துக்கு வருகிறேன். 'இன்ன ஊரில், இன்னாருக்கு மகனாகப் பிறந்து' என்று தொடங்கி இறப்பில் முடிக்கும் வழக்கமான வரிசையை விட்டுவிடுங்கள். பதவி உயர்வும் பட்டமும் பயணமும் உள்ளவர்களின் வாழ்க்கை அந்த வரிசைக்குப் பொருந்தும். உங்கள் அப்பாவின் வாழ்க்கை அப்படி நீளவாக்கில் ஓடியது அல்ல. ஆண்டுதோறும் வட்டமாகச் சுற்றி வந்தது. அதனால் அவருடைய ஒரு வருடத்தை எழுதுங்கள். எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் இல்லாமல் பன்னிரண்டு மாதங்களை நீங்கள் கடந்துவிட்டீர்கள். எந்த மாதத்தில் வீட்டில் எது நடக்கவில்லை என்பது உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அந்தக் குறையைப் பின்பற்றிப் போனாலே பக்கங்கள் வந்துவிடும்.

உங்கள் கடிதத்தையும் நம் கடற்கரையையும் வைத்து, அந்த வருடம் எப்படி இருந்திருக்கும் என்று நான் கொஞ்சம் கோடு போட்டுக் காட்டுகிறேன். சரியில்லாததை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

நட்டாலில் சர்க்கரை ஆலைகள் ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு பிழியும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆலை ஓடாது. ஊரார் அதை ஓய்வுக் காலம் என்று நினைப்பார்கள், ஆனால் ஃபிட்டர்களுக்கு அதுதான் முதுகு ஒடியும் காலம். உருளைகளைக் கழற்றி, தேய்ந்த பற்களைச் சரிசெய்து, கொதிகலன் குழாய்களைச் சோதித்து, அடுத்த ஏப்ரலுக்குள் எல்லாவற்றையும் மறுபடி பூட்டியாக வேண்டும். பள்ளி திறக்கிற ஜனவரியில் அப்பா வீட்டில் இருந்த நினைவு உங்களுக்கு இல்லை என்றால் காரணம் இதுதான். தைப்பூசக் காவடியும் அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் வரும். கோயில் தேரின் சக்கரத்தை யார் பார்த்தது, காவடிச் சட்டத்தை யார் வெல்டிங் செய்து கொடுத்தது என்று உங்கள் கோயிலில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிற ஊரில் அந்த வேலைகளுக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை.

ஏப்ரலில் ஆலைச் சங்கு ஊதும். அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைப்பார்கள். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கருஞ்சாம்பல் இழை இழையாக வந்து விழும். உங்கள் அம்மா அதைத் திட்டிக்கொண்டே துணி எடுத்திருப்பார். 2022 ஏப்ரலை இங்கே தனியாக எழுதுங்கள். அந்த வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, உங்கள் ஊர் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்தது எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றுவிட்ட, கைவேலை தெரிந்த ஒரு மனிதர் அந்த மாதங்களில் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயைப் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் பாருங்கள். எந்தெந்த வீட்டில் அவர் பூட்டிய குழாய் இன்னும் இருக்கிறது என்பதைப் பெயர் பெயராக எழுதினால், அந்த ஒரு பத்தியே உறவினர்களைத் தலை நிமிர வைக்கும்.

மே, ஜூன், ஜூலை மாதங்களில் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோடு சாளை மீன் கூட்டம் கரையை ஒட்டி ஏறி வரும். நாம் சார்டின் என்று சொல்லும் அந்த ஓட்டத்தின்போது சுறா வாரியத்தார், குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காக்கக் கடலில் கட்டியிருக்கும் தங்கள் வலைகளை எடுத்துவிடுவார்கள். கரைவலைக்காரர்கள் கரையோரமாகக் கண் வைத்துக் காத்திருப்பார்கள். மேலே பறவைகள் விழுந்து எழும். சாளையைத் துரத்தி வரும் பெரிய மீனுக்காகத் தூண்டில்காரர்கள் இரவில் நிற்பார்கள். உங்கள் அப்பா போனதும் ஜூலையில்தான். அந்த மாதத்தைப் பற்றி எழுதும்போது கை நின்றால், நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடுங்கள்.

அவர் எந்தக் கடற்கரையில் நின்றார் என்பதையும் எழுத வேண்டும். அவர் பிறந்ததை ஒட்டிய 1953ஆம் ஆண்டில்தான் பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. டர்பன் நகரக் கடற்கரைகள் 1989இல்தான் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. சட்டமே 1990இல் நீங்கியது. அதாவது, மீன் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து முப்பத்தைந்து வயதைத் தாண்டும் வரை, எந்த மணலில் கால் வைக்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானித்த காலத்தில் அவர் தூண்டில் போட்டார். அவர் எங்கே நிற்பார், எங்கே நிற்க முடியாமல் போயிற்று, 1989க்குப் பிறகு புதிய இடம் தேடிப் போனாரா, பழைய பாறையிலேயே நின்றுவிட்டாரா என்பதை அவரோடு மீன் பிடித்தவர்கள் சொல்வார்கள். மீன்பிடித் தோழர்களைத் தேடுவது கடினமில்லை. விடியற்காலையில் அவர் நின்ற இடத்துக்குப் போங்கள். அவருடைய தூண்டில் கழியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அவர்களே உங்களிடம் வருவார்கள்.

புரட்டாசி வந்ததும் நம் வீடுகளில் மீனும் இறைச்சியும் நின்றுவிடும். அது முடிவதற்குள் அக்டோபர் 1ஆம் தேதி பிறந்து, ஷாட் மீன் பிடிக்கத் தடைக்காலம் தொடங்கிவிடும். அது நவம்பர் 30 வரை நீடிக்கும். மற்ற மீன்களைப் பிடிக்கலாம் என்றாலும், நம் ஆட்களுக்குத் தூண்டில் என்றாலே ஷாட்தான். அதனால் உங்கள் அப்பாவின் கராஜ் வருடத்தில் அதிகம் விழித்திருந்தது இந்த இரண்டரை மாதங்களில்தான் என்று நினைக்கிறேன். கழியின் வளையங்களை நூலால் மறுபடி இறுக்கிச் சுற்றி வார்னிஷ் பூசுவது, ஸ்கார்பரோ ரீலின் அச்சுக்கு எண்ணெய் விடுவது, ஈயக் குண்டு வார்ப்பது எல்லாம் அப்போதுதான் நடந்திருக்கும். அந்த ரீலில் பல்சக்கரம் கிடையாது, பிரேக்கும் கிடையாது. வெறும் பெரிய சக்கரம், நடுவில் ஒரு தண்டு. மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது சக்கரத்தின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். அவருடைய உள்ளங்கை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் விவரங்களும் கப்பல் பதிவேடுகளில் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று போகும் அந்த வரிசையில் உடல் அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. முழங்காலில் தழும்பு, நெற்றியில் வடு என்று எழுதியிருப்பார்கள். ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்கு அது உதவும் என்பதால் எழுதினார்கள். அந்தத் தழும்பு எந்த வேலையில் வந்தது, அந்தக் கை ஊரில் தறி நெய்ததா, ஏர் பிடித்ததா, படகு ஓட்டியதா என்று எழுதக் கட்டம் இல்லை. அந்தப் பக்கங்களைப் பல ஆண்டுகள் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுதப்பட்டது அவ்வளவாகவே இருக்கலாம். உங்கள் அப்பாவின் உள்ளங்கைத் தழும்பைப் பற்றி எழுத உங்களுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இடம் இருக்கிறது.

டிசம்பர் 1ஆம் தேதி விடியலில் ஷாட் திறக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு மீன், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. நான்கு மீனைப் பிடித்துவிட்டுத் திரும்புகிறவரா, பிடித்த பிறகும் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு எறியக் கற்றுக் கொடுத்துக்கொண்டு நிற்பவரா என்பதில் ஒரு மனிதரின் குணம் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

அந்த டிரான்ஸ்வால் பரீட்சைக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிகக் கனமான வரி அது. உங்கள் அப்பா ஆலைக்குள் போன காலத்தில், குறிப்பிட்ட வேலைகளைக் குறிப்பிட்ட இனத்தாருக்கு ஒதுக்க 1956ஆம் ஆண்டின் தொழில் சமரசச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. சட்டம் எட்டாத இடத்தில் வழக்கம் அதே வேலையைச் செய்தது. ஃபிட்டருக்குத் தெரிந்த எல்லாம் தெரிந்திருந்தும், கையாள் என்ற பெயரில், கையாள் சம்பளத்தில் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்த நம்மவர்களை நான் பலமுறை பேட்டி கண்டிருக்கிறேன். தொழிலாளர் சட்டங்களை ஆராய்ந்த வீகான் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, அந்த அதிகாரத்தைத் தந்த சட்டப்பிரிவு 1979இல் நீக்கப்பட்டது. அதன்பின் பலர், நடுவயதில், அன்றைய டிரான்ஸ்வால் மாகாணத்தில், ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையே உள்ள ஒலிஃபன்ட்ஸ்ஃபொன்டைனுக்குப் போய்த் தொழில் தேர்வு எழுதினார்கள். அங்கே தாளும் பேனாவும் குறைவு. வரைபடத்தைக் கொடுத்து, இரும்பைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் செய்து காட்டச் சொல்வார்கள். உங்கள் அப்பா போய் வந்தது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் எங்கோ ஒரு சான்றிதழ் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கமாட்டார்; கராஜில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, டப்பாவின் அடியிலோ இழுப்பறைக்குப் பின்புறமோ தேடுங்கள். சம்பளச் சீட்டுகளும் நீல நிற வேலையின்மைக் காப்பீட்டு அட்டையும் கிடைத்தால், தேர்வுக்கு முன்பும் பின்பும் அவருடைய பதவிப் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். முப்பது வயதைக் கடந்து, குடும்பத்தோடு, தனக்குப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்த வேலையைத் தெரியும் என்று நிரூபிக்க ஒருவர் ரயில் ஏறினார். திரும்பி வந்த அன்று வீட்டில் என்ன சொன்னார், என்ன சாப்பிட்டார் என்று அம்மாவைக் கேளுங்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், கொஞ்சம் அழுத்தமாகவே. நீங்கள் ஒரு வரி எழுதுவதற்கு முன் அவர் பேசுவதைப் பதிவு செய்துவிடுங்கள். செல்பேசியே போதும், அழைப்பு வராதபடி செய்து, மடித்த துண்டின் மேல் வைத்தால் மேசையின் அதிர்வு ஏறாது. தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள். 'நல்லவர்' என்று சொல்லிவிட்டு அழுவார், அதோடு முடிந்துவிடும். இரவு பத்து மணிக்கு மீன் வந்தால் யார் செதிள் எடுத்தது, எந்தக் கத்தியால், தலையை என்ன செய்தார்கள், புளிக்குழம்பை மறுநாளுக்கு எடுத்து வைப்பாரா என்று கேளுங்கள். அவர் மௌனமானால் அடுத்த கேள்விக்குப் பாயாமல் பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். ஒரு மனிதர் வாரக் கடைசியெல்லாம் கடலில் நின்றார் என்றால், வாரக் கடைசியெல்லாம் பிள்ளைகளோடு தனியாக இருந்த ஒருவரும் அந்த வீட்டில் இருந்தார். அம்மாவுக்கு அதில் மனக்குறை இருந்தால் அதையும் சொல்ல விடுங்கள். அவர் சம்மதித்தால் எழுதவும் செய்யுங்கள். பதிவை மூன்று பிரதிகளாக வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். பழைய புகைப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் மட்டும் பெயர் எழுதுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பிரதியைப் பொது இடத்துக்குத் தர விரும்பினால், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தைக் கேட்டுப் பாருங்கள். நம் மக்களின் வரலாற்று ஆவணங்களைப் பேணும் இடம் அது.

எந்த மொழியில் படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் படியுங்கள். அப்பா வாயிலிருந்து வந்த சொற்களை மட்டும் அவர் சொன்னபடியே, தமிழானாலும் சூலுவானாலும் கலந்த பேச்சானாலும், மாற்றாமல் விடுங்கள். திதியன்று படையலில் அவருக்குப் பிடித்தது எதுவோ அது இருக்கட்டும். உங்கள் வீட்டு வழக்கம் மீனை அனுமதித்தால், அவர் கழியால் அண்ணன் பிடித்த மீனாக இருந்தால் நல்லது.

இனி அந்தக் கோடு. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அது வெடித்துத் தெறிக்கும்; அதனால்தான் தெரிந்தவர்கள் அச்சை முதலில் அடுப்பருகில் வைத்துச் சூடாக்கிக் காயவைப்பார்கள். ஈயப் புகை குழந்தைகளுக்கு ஆகாது. உங்கள் அப்பா இதையெல்லாம் விளக்கிச் சொல்லும் ஆள் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் ஒருநாள், நீங்கள் இல்லாத நேரத்தில், பெயின்ட் டப்பாவைத் திறந்து, மண்டியிட்டு, தெறிக்கும் ஈயம் எவ்வளவு தூரம் வரும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, அதற்கும் அப்பால் ஒரு கோடு வரைந்திருக்கிறார். பிள்ளைகளை உள்ளே விடாமல் கதவைச் சாத்தியிருக்கலாம், சாத்தவில்லை. நீங்கள் நின்று பார்ப்பதற்கு ஓர் இடத்தை விட்டிருக்கிறார். கத்தியதை மறைக்க வேண்டாம், கத்தினார் என்றே எழுதுங்கள். அதோடு கோட்டையும் எழுதுங்கள்.

கராஜை வாடகைக்கு விடுங்கள், அதில் தவறில்லை. தரையைச் சிமென்ட் பூசி மறைப்பதற்கு முன், அடுப்பு இருந்த இடத்திலிருந்து அந்தக் கோடு வரைக்கும் நாடா பிடித்து அளந்து, எத்தனை அடி என்பதை எழுதி வையுங்கள். நாடாவின் ஒரு முனையை அண்ணன் பிடிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்